பச்சைக் கதவு வீட்டு டீச்சர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மகன் போனைப் பார்த்துச் சிரித்தான். யாரோ ஒரு கட்சிக்காரரும் ஒரு பெண்ணும் இருக்கிற வீடியோ. போன் கைமாறிக் கைமாறி வந்தது. அந்த ஆள் யார், எந்தக் கட்சி என்பதெல்லாம் வீடியோவுக்கு மேலேயே எழுதியிருந்ததால் அதை யாரும் கேட்கவில்லை. கூடத்தில் எழுந்த ஒரே கேள்வி, "பொண்ணு யாருடா?" என்பதுதான்.

போன் அம்மாவிடம் வந்தது. அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். எதுவும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "நம்ம டீச்சர் இப்ப எங்க இருக்காங்களோ" என்றார்.

‘இருக்காளோ’ இல்லை, ‘இருக்காங்களோ’. ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து அம்மா வாயில் அந்த ‘ங்க’ திரும்பி வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்பக்கம், மர்பி டவுனை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. முக்கால்வாசி தமிழ்க் குடும்பங்கள். வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரி பக்கமிருந்து பாட்டன் காலத்தில் கண்டோன்மென்ட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்கு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை. தெருவின் கடைசிக்கு முந்தின வீடு டீச்சர் வீடு. பள்ளிக்கூட டீச்சர் இல்லை, டியூஷன் டீச்சர். பி.எஸ்சி. கணக்கு படித்தவர். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டதாகச் சொல்வார்கள், அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக் கதவு வெளிப்பக்கம் பச்சை, உள்பக்கம் முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்புதான் எங்களுக்குக் கரும்பலகை. கதவைச் சாத்தினால் பாடம் ஆரம்பம். தமிழ் மீடியம், கன்னட மீடியம், இங்கிலீஷ் மீடியம் என்று இருபத்திரண்டு பிள்ளைகள் அந்தச் சின்ன அறையில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்போம். மூன்று மொழியிலும் பின்னத்தைச் சொல்லிக் கொடுப்பார். மாதம் முப்பது ரூபாய். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்க மாட்டார்.

எங்கள் வார்டு கார்ப்பரேட்டர், அதாவது மாநகராட்சிக் கவுன்சிலர், அந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள், இரவு ஒன்பது மணிக்கு மேல் தெருமுனையில் வெள்ளை அம்பாசடர் நிற்கும். அவருக்குக் கல்யாணமாகி, தோளுக்கு வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். தெருவுக்கே தெரியும். நாலு வருடமாகத் தெரியும்.

இதில் தெரிந்ததைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. தெரு அதைப் பயன்படுத்திக்கொண்டது. எங்கள் சந்தில் தண்ணீர்க் குழாய் கிடையாது, பெரிய தெரு வரை போய்த்தான் குடம் தூக்கி வர வேண்டும். பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து டீச்சர் வீட்டுக்குப் போய், "அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டார்கள். அந்த நாலைந்து பேரில் அம்மாவும் ஒருவர். நான் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன். டீச்சர் முகம் சிவந்து போனது. "பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னார். இரண்டே மாதத்தில் சந்து முனையில் குழாய் வந்தது. முதல் குடத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டித்தான் தண்ணீர் பிடித்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில், மாநகராட்சித் தேர்தல் சமயம். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடிகாலையில் எல்லா வீட்டுக் கதவிடுக்கிலும் ரோஸ் கலரில் ஒரு நோட்டீஸ் கிடந்தது. ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் கன்னடம். எதிர்த்து நின்றவர்களின் ஆட்கள் போட்டது. கார்ப்பரேட்டரைத் தோற்கடிக்கத்தான் அந்த நோட்டீஸ். ஆனால் அதில் அவர் ‘நமது வார்டு தலைவர்’ என்றுதான் இருந்தார். டீச்சருக்குப் பெயர், தெரு, ‘பச்சைக் கதவு வீடு’ என்று கதவின் நிறம் வரை போட்டிருந்தது. கார்ப்பரேட்டரைக் குறிவைத்து அடித்த கல் அவர் வீட்டுத் திசையிலேயே போகவில்லை.

ஒரு வாரத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் இரண்டு பிள்ளைகள் ஆனார்கள். அடுத்த வாரம் அந்த இரண்டும் இல்லை. அம்மா என்னிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை. "இனிமே அப்பாவே கணக்குச் சொல்லித் தருவார்" என்றார். அப்பாவுக்கு செகண்ட் ஷிப்ட். வீட்டுக்கு வரவே இரவு பன்னிரண்டாகும்.

ஒரு சாயங்காலம் குழாயடியில் நான் வரிசையில் நின்றிருந்தேன். டீச்சரின் பித்தளைக் குடம் எனக்கு மூன்று குடம் முன்னால் இருந்தது. அவர் வீட்டுக்குள் போய் இன்னொரு குடம் எடுத்துவருவதற்குள், ஒரு அம்மாள் காலாலேயே அந்தக் குடத்தை நகர்த்தி வரிசைக்கு வெளியே வைத்தார். சிமெண்டுத் தரையில் பித்தளை உரசிய அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. டீச்சர் வந்தார், பார்த்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. வரிசை முழுக்க ஒரு முறை கண்ணை ஓட்டிவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார். நான் என் குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே எதுவும் இல்லை, காலிக் குடம். அவர் இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு பெரிய தெருப் பக்கம் நடந்துபோனார். அவர் ஒரு வார்த்தை சொல்லி வந்த குழாய் அது.

அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் அந்தக் கதவு நீலமாக இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அவரே பெயிண்ட் அடித்திருக்கிறார். கீழ் ஓரத்தில் பச்சை எட்டிப் பார்த்தது. தெருவில் யாரும் நீலக் கதவு வீடு என்று சொல்லவில்லை.

கார்ப்பரேட்டர் ஜெயித்தார். போன தடவையைவிடக் கூடுதல் ஓட்டு. பிரச்சாரத்தில் ஒவ்வொரு மேடையிலும் அவர் மனைவி பட்டுப்புடவையில், கழுத்து நிறைய மாலையோடு அவருக்குப் பக்கத்திலேயே நின்றார். வெற்றி ஊர்வலம் எங்கள் சந்துக்குள் வந்தபோது தமட்டைச் சத்தம் காதைப் பிளந்தது. எங்கள் வீட்டு வாசலில் அம்மா ஆரத்தி எடுத்தார். நான்தான் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கார்ப்பரேட்டர் பத்து ரூபாய்த் தாள் ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டு, என் கன்னத்தைத் தட்டி, "நல்லா படிக்கணும்" என்றார்.

அதே மாதம், வெயில் ஏறும் முன்னால் ஒரு டெம்போ வந்து டீச்சரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போனது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம்.

அந்த வயதில் எனக்கு எல்லாம் புரியவில்லை, ஒன்று மட்டும் புரிந்தது. அதுவரை எங்கள் தெருவில் ‘வாங்க டீச்சர்’, ‘டீச்சர் சொன்னாங்க’ என்றுதான் பேச்சு. நோட்டீஸ் வந்த அன்று மத்தியானத்துக்குள் ‘அவ’ ஆகிவிட்டார். ‘வந்தா’, ‘போனா’, ‘பாரேன் எப்படி நடக்கிறா’. கார்ப்பரேட்டர் மட்டும் கடைசி வரை ‘அவர்’தான். அவரைத் திட்டினவர்கள்கூட, "இந்த மனுஷர் ஏன் இப்படிப் பண்ணாரு" என்றுதான் திட்டினார்கள். இரண்டு பேர் சேர்ந்து செய்த ஒரு காரியத்தில் ஒருவருடைய விகுதி மட்டும் எப்படிக் கழன்று விழுந்தது? தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. அதை வெட்ட கத்தி கூட வேண்டாம்.

இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு அதற்கப்புறம் நான் படித்த எல்லாச் செய்திகளையும் படித்திருக்கிறேன். எங்கே யாருக்கு ‘ஆர்’, யாருக்கு ‘ஆள்’ என்று பார்ப்பேன். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல்வாதி ‘சந்தித்தார்’, பெண் ‘உல்லாசமாக இருந்தாள்’. நம்மிடம் உள்ள சொற்களைப் பாருங்கள். வைப்பாட்டி, தொடுப்பு, கள்ளக்காதலி, சின்ன வீடு. வைப்பாட்டிக்கு ஆண்பால் என்ன? ‘சின்ன வீடு’ என்று சொல்லும்போதே கேட்பவர் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பு ஆணுக்குக் கொடுக்கிற சலுகை. அந்த வீட்டுக்குள் ஒரு மனுஷி அடுப்பு மூட்டிக்கொண்டு, ஒன்பது மணிக் கார்ச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருக்கிறாள் என்பது அந்தச் சிரிப்பில் மறைந்துபோகும்.

சொல்லுக்குத் தெருவில் இருக்கிற இடம் நீதிமன்றத்திலும் இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து போன ஒரு வழக்கில், 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்குக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் எப்போது பாதுகாப்பு உண்டு, எப்போது இல்லை என்பது கேள்வி. அந்தத் தீர்ப்பில், ஒரு ஆண் பணம் கொடுத்து வைத்துக்கொள்ளும் பெண்ணைக் குறிக்க ‘கீப்’ என்றே எழுதினார்கள். நம் தெருப் பெண்கள் சொல்கிற அதே ‘கீப்பு’. அப்போது மத்திய அரசின் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் அந்தச் சொல்லை நீதிமன்றத்திலேயே எதிர்த்தார். பதிமூன்று வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில், அதே உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. பெண்களைப் பற்றி எழுதும்போது எந்தெந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும், பதிலுக்கு எதை எழுத வேண்டும் என்று பட்டியல். அதில் ‘கீப்’ தவிர்க்க வேண்டிய சொல். அதைப் படித்த அன்று எனக்குக் குழாயடி ஞாபகம்தான் வந்தது. தீர்ப்பில் ஒரு சொல்லை மாற்ற பதிமூன்று வருடம். தெருவில் மாற்ற எத்தனை வருடமோ.

1998-ல் நான் பி.யு.சி., தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாதிரி. அந்த வருடம் ஜனவரியிலிருந்து அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் விவகாரம் தினமும் பேப்பரில் வந்தது. அப்பா தினத்தந்தியை மடித்து, பிள்ளைகள் கண்ணில் படாமல் அலமாரிக்கு மேலே வைப்பார். நாங்கள் கல்லூரியில் தெரிந்துகொண்டோம். எங்கள் வகுப்பில் ஒரு பெண் லெக்சரருடன் சந்தேகம் கேட்டுப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து வருடம் முடியும் வரை பையன்கள் அவளை ‘மோனிகா’ என்றே கூப்பிட்டார்கள். அந்த லெக்சரரை யாரும் கிளிண்டன் என்று கூப்பிடவில்லை. உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர், இருபத்திரண்டு வயதில் அவர் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த பெண் ஒருவர். சிவாஜிநகர் பக்கத்து பி.யு.சி. பையனுக்கு வசவுச் சொல்லாக அந்தப் பெண்ணின் பெயர்தான் கிடைத்தது.

அங்கே நடந்ததும் எங்கள் வார்டில் நடந்ததும் ஒன்றுபோலவே இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். 1998 டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை கிளிண்டன்மேல் பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. அதே சமயத்தில் எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு 73 சதவீத ஆதரவு, அவர் பதவிக்காலத்திலேயே அதிகம். 1999 பிப்ரவரியில் செனட் அவரை விடுவித்தது. அவரைத் துரத்திய கட்சிக்குத் தலைமை தாங்கிய நியூட் கிங்ரிச், அதே காலத்தில் தனக்கும் கல்யாணத்துக்கு வெளியே ஒரு உறவு இருந்தது என்று 2007-ல் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட பிறகும், 2012 தேர்தலுக்குக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஆவதற்கான போட்டியில் அவரால் இறங்க முடிந்தது. மோனிகா லூயின்ஸ்கி 1999-லேயே டி.வி. பேட்டி கொடுத்திருந்தும், அவர் தன் தரப்பைத் தானே எழுதி, ஊர் அதைக் கொஞ்சம் அனுதாபத்தோடு காதுகொடுத்துக் கேட்க 2014 ஆனது. பதினாறு வருடம்.

எங்கள் பாட்டி ஒரு பழமொழி சொல்வார்: ஆம்பளை சேத்தைக் கண்டா மிதிப்பான், தண்ணியைக் கண்டா கழுவுவான். இன்னொன்று, முள்ளு மேலே சேலை விழுந்தாலும் சேலை மேலே முள்ளு விழுந்தாலும் நஷ்டம் சேலைக்குத்தான். பாட்டி இதையெல்லாம் பெண் பிள்ளைகளுக்கு எச்சரிக்கையாகத்தான் சொன்னார், நான் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் சேலைக்குச் சொன்ன புத்தியை முள்ளுக்கு யாருமே சொல்லவில்லை.

சட்டமும் 2018 வரை கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 497-வது பிரிவு, வெள்ளைக்காரன் 1860-ல் எழுதியது. இன்னொருவன் மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதம் இல்லாமல் உறவு வைத்தால் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. கணவன் சம்மதித்தால் குற்றம் இல்லை. கல்யாணமாகாத பெண்ணோடு என்றால் குற்றமே இல்லை. உறவு வைத்தவனின் மனைவிக்குப் புகார் கொடுக்கும் உரிமையும் இல்லை. அதாவது எங்கள் கார்ப்பரேட்டரின் மனைவி அந்தப் பட்டுப்புடவையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தாலும் இந்தப் பிரிவில் அவருக்கு ஒரு வரி கிடையாது. 1985-ல் ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு இந்தப் பிரிவு செல்லும் என்றது. 2018 செப்டம்பர் 27 அன்று ஐந்து நீதிபதிகள் சேர்ந்து அதை ரத்து செய்தார்கள். அந்த ஐவரில் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். அன்றைக்கு எங்கள் ஆபீசில் நடந்த பேச்சு, "இனிமே பொம்பளைங்க யாருக்கும் பயப்பட மாட்டாங்க" என்பதுதான். அந்தப் பிரிவில் பெண்ணுக்குத் தண்டனையே கிடையாது, அதில் தண்டிக்கப்பட்டவன் ஆண் மட்டும்தான் என்று நான் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை, கூகுள் பண்ணிக் காட்ட வேண்டியிருந்தது. ஊர் பெண்ணைத் தண்டித்துத் தண்டித்து, சட்டமும் அப்படித்தான் சொல்லியிருக்கும் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு ‘சிடி’ என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. சிடி போட்டுப் பார்க்கிற பெட்டி இப்போது யார் வீட்டிலும் இல்லை, ஆனால் கர்நாடக அரசியலில் அந்தச் சொல்லுக்கு, அதாவது அரசியல்வாதியின் அந்தரங்க வீடியோ என்ற அர்த்தத்தில், ஓய்வே கிடையாது. 2021 மார்ச்சில் ஒரு வீடியோ வெளிவந்து ஒரு அமைச்சர் பதவி விலகினார். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு பெண்ணை அவர் பயன்படுத்திக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு, இது தனக்கு எதிரான சதி என்பது அவர் பதில். அதற்குள் நான் போகவில்லை. அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். இரண்டு மூன்று நாளில் வேறு ஆறு அமைச்சர்கள் பெங்களூர் சிவில் நீதிமன்றத்துக்குப் போய், தங்களைப் பற்றி அவதூறாக எதையும் வெளியிடக் கூடாது என்று ஊடகங்களுக்குத் தடை வாங்கினார்கள். சட்டசபையில் அது பற்றிக் கேள்வி வந்தபோது, அந்த ஆறு பேரில் ஒருவரான அன்றைய சுகாதார அமைச்சர் கே. சுதாகர், எல்லா எம்.எல்.ஏ.க்களின் தனிவாழ்க்கையையும் விசாரிக்கட்டும், யாருக்குக் கல்யாணத்துக்கு வெளியே உறவு என்று தெரிந்துவிடும் என்று சவால் விட்டார். சபையில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண் உறுப்பினர்கள்தான். அவர்களில் பலர் கொதித்தார்கள். பின்னால் அவர் வருத்தம் தெரிவித்தார்.

அந்தப் பெண்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்று எங்கள் ஆபீசில் ஆண்களுக்குப் புரியவே இல்லை. ‘எல்லா எம்.எல்.ஏ.க்களும்’ என்றால் அதில் அவர்களும் உண்டு. ‘எல்லோரும் அப்படித்தான்’ என்று ஒரு ஆண் சொன்னால் அவனுக்கு அது தற்காப்பு. அதே வாக்கியம் ஒரு பெண் எம்.எல்.ஏ. தலையில் விழுந்தால், அவர் ஊருக்குத் திரும்பிப் போய் மாமியார் முகத்தில் விழிக்க வேண்டும், அடுத்த தேர்தலில் டிக்கெட் கேட்க வேண்டும். ஒரே கல், ஒருத்தருக்குப் பஞ்சு, ஒருத்தருக்குப் பாறை.

இதைப் பேசும்போது ஜெயலலிதாவைச் சொல்லாமல் விட முடியாது. மேல்கோட்டையில் பிறந்து, எங்கள் ஊர் பிஷப் காட்டன் பெண்கள் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தவர். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது ராஜாஜி ஹாலில் தலைமாட்டில் மணிக்கணக்காக நின்றவரை, உடலை ஏற்றிய ராணுவ வண்டியிலிருந்து தள்ளி இறக்கினார்கள். அவர்களுக்குள் என்ன உறவு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, யாருக்குமே இல்லை. ஆனால் வண்டியில் ஏற அவருக்கு என்ன தகுதி என்ற கேள்வியை ஊரே கேட்டது. அதன் பிறகு அவர் காலமெல்லாம் கேட்டது. ஆண் தலைவர் ஒருவருக்கு இரண்டு குடும்பம் இருந்தால் நாம் மனைவி, துணைவி என்று இரண்டு நல்ல சொற்களைக் கண்டுபிடித்து, இரண்டு வீட்டுக்கும் பொன்னாடை கொண்டுபோனோம். கட்சிக்குள் மரியாதையோடு நிற்க அந்தப் பெண் எல்லோருக்கும் ‘அம்மா’ ஆக வேண்டியிருந்தது. அம்மா என்று கூப்பிட்ட பிறகுதான் வாய்கள் கொஞ்சம் அடங்கின.

2014 செப்டம்பர் 27, பரப்பன அக்ரஹாரா சிறை வளாகத்தில் அவருக்குத் தீர்ப்பு. வருமானத்துக்கு மேல் 66 கோடி ரூபாய்ச் சொத்து என்ற வழக்கு. நாலு வருடச் சிறை, நூறு கோடி அபராதம். அன்று அல்சூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த டீக்கடையில் நாள் முழுக்கக் கூட்டம். நான் பால் வாங்கப் போனவள் கால் மணி நேரம் நின்று கேட்டேன். 66 கோடி எப்படி வந்தது என்று ஒருவர்கூடப் பேசவில்லை. அவர் யாரோடு இருந்தார், யாரோடு இல்லை, ஏன் கல்யாணம் பண்ணவில்லை. கேட்க வேண்டிய கணக்கு ஒன்று, கேட்டது வேறு. எனக்கு அவர் அரசியலில் ஆயிரம் குறை உண்டு. அந்தக் குறைகளை ஒழுங்காகக் கேட்கக்கூட அன்று அந்தக் கூட்டத்துக்குத் தோன்றவில்லை.

என் தோழி ஒருத்தி இதில் எனக்கு நேர் எதிர். பொது வாழ்க்கைக்கு வந்துவிட்டால் தனி வாழ்க்கை கிடையாது, வீட்டில் ஏமாற்றுகிறவன் நாட்டையும் ஏமாற்றுவான் என்பாள். நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒத்துக்கொள்ள முடியவில்லை. கார்ப்பரேட்டர் செய்தது அவர் மனைவிக்குத் துரோகம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கணக்கை அவரிடம் கேட்க வேண்டியவர் அவர் மனைவி. ஓட்டுப் போட்ட நாங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. எங்கள் சந்துக்குக் குழாய் வர, மனு கொடுத்த வழியில் ஏன் வரவில்லை? ஒரு பெண்ணிடம் போய்த் தலைகுனிந்து கேட்டால்தான் வருமா? வார்டுப் பணம் எங்கே போனது? அலுவலக அதிகாரத்தைக் காட்டி யாரையாவது வளைத்தாரா, யாருக்காவது வேலை என்று ஆசை காட்டினாரா, போலீசை ஏவினாரா? மேடையில் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி வகுப்பெடுத்தாரா? இவையெல்லாம் நம் கேள்விகள். இவற்றுக்கு நான் ஒரு அங்குலம்கூட விட்டுத்தர மாட்டேன். தோழியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அந்த டீச்சர் மேல தப்பே இல்லையா?" என்றாள். இருக்கலாம். இருந்தால் அதுவும் கார்ப்பரேட்டருக்கு இருந்த அதே அளவுதானே? அவருக்கு ஐந்து வருடப் பதவி, டீச்சருக்கு டெம்போ. எந்தத் தராசில் இது சமம்?

அவர் மனைவியைப் பற்றியும் நினைக்கிறேன். மேடையில் அவர் நின்றதைப் பார்த்து, "பொண்டாட்டியே மன்னிச்சுட்டா, நமக்கென்ன" என்று தெரு சொன்னது. அவர் மன்னித்தாரா, யாராவது கேட்டார்களா? அந்த மாலை எவ்வளவு கனம் என்று அவருக்குத்தான் தெரியும். ஊர்வலத்தில் என் ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்தில் அவர் நின்றபோது பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் சந்தின் கடைசிக்கு, அந்த நீலக் கதவுக்குப் போய்ப் போய் வந்தது. அந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியாத தூரத்தில் நின்றார்கள், நடுவில் அவர் கும்பிட்டுக்கொண்டே போனார்.

சரி, இன்னும் ஒரு டப்பா விஷயம் பாக்கி இருக்கிறது.

அந்த நோட்டீஸ் வருவதற்கு முந்தின தீபாவளிக்கு டீச்சர் எங்கள் வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய அதிரசம் கொடுத்து அனுப்பினார். மூடியில் புள்ளி புள்ளியாக அவர் பெயர் வெட்டியிருக்கும். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, ஒருமுறை அச்சில் வந்தது போதும். டப்பாவை வெறுமனே திருப்பித் தரக் கூடாது, ஏதாவது செய்து போட்டுத் தர வேண்டும் என்று அம்மா எடுத்து வைத்தார். அதற்குள் நோட்டீஸ் வந்துவிட்டது. அப்புறம் யார் போய்க் கொடுப்பது? டெம்போ வந்த அன்று காலையில் டப்பாவை எடுத்துக்கொண்டு நான் வாசல் வரை போனேன். அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். பாத்திரக்காரரிடம் போடவும் மனசு வரவில்லை. மர்பி டவுனிலிருந்து ராமமூர்த்தி நகருக்கு வீடு மாறியபோதும் அது கூடவே வந்தது. அம்மா அதில் கடுகு போட்டு வைத்திருந்தார். தினமும் தாளிக்கும்போது அந்தப் பெயரைத் தொட்டுத்தான் மூடியைத் திறந்திருக்கிறார். ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, போனைத் திருப்பிக் கொடுத்த பிறகு அம்மா அடுக்களைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கடுகை வேறு டப்பாவுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு உன் கையைப் பிடிச்சு இழுத்தேன்ல" என்றார். நான் ஆமாம் என்றேன். "கொழாய்க்காகப் போய் நின்னப்ப மட்டும் டீச்சர், டீச்சர்னு நின்னோம்" என்றார். புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க மூடி பளபளப்பாகிவிட்டது, பெயர் மட்டும் கறுப்பாக நின்றது.

அல்சூர் மார்க்கெட்டில் இன்னும் பூ விற்கிற ஒரு அம்மாளிடம் விசாரித்தேன். ஓசூரில் இருக்கிறாராம். முட்டி வலி, படி ஏற முடியாது, கீழ்வீட்டில்தான் இருக்கிறார், இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார் என்றார் அவர். போன் நம்பர் வாங்கிக்கொடுத்தார். நான் பேசினேன். யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பின்னம் வந்துச்சா உனக்கு?" என்று கேட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அம்மா வெல்லம் வாங்கிவரச் சொன்னார். பச்சரிசி நேற்றே ஊறப்போட்டு இடித்தாயிற்று, பாகு பிசைந்த மாவு மூன்று நாள் புளிக்க வேண்டுமாம்.